நைட் ஷிப்டும் இதயமும்: எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? முழுமையான வழிகாட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் நர்ஸாக இருக்கிறேன். எனக்கும் ஷிப்ட் முறைதான். புதிதாக நைட்டுக்கு வருகிறவர்கள் இதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிளம்பும்போது பெரும்பாலும் கடைசிப் படியில் போய் நிற்கிறார்கள். ஜிம்மில் பணம் கட்டுவார்கள், ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்துவார்கள், ஓட்ஸ் பாக்கெட் வாங்குவார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் நின்றுவிடும். ஐந்து மணி நேரம்கூடத் தூங்காத உடம்புக்கு ஜிம்முக்குப் போகவும் தெம்பு இருக்காது, விடியற்காலைப் பசியை அடக்கவும் தெம்பு இருக்காது.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம். முதலில் அளவு, அடுத்து தூக்கம், அதற்குப் பிறகு சாப்பாடு, டீ, மாத்திரை, நடை. 10-வது பகுதியை மட்டும் வரிசை பார்க்காமல் இன்றைக்கே படித்துவிடுங்கள். அது நெஞ்சுவலி பற்றியது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மேல்கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. மெஷின். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கையை வைக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் அளவு மாறிவிடும். வாங்கும்போது பட்டையின் அளவையும் பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் பிரஷர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

தையல்காரர் டேப் ஒன்று, ஒரு நோட்டு, படுக்கும் அறையின் ஜன்னலை மூட கெட்டியான கறுப்புத் துணி, பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள். அப்புறம் வீட்டில் ஒரு விவரம் கேட்டு வையுங்கள்: அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருக்கிறதா? டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. பலருக்கு அந்த நேரத்தில் பதில் தெரிவதில்லை.

1. எங்கே அடிபடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரிந்தால்தான் கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் புரியும்.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இரவில் தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். ரத்தக் குழாய்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். நைட் ஷிப்டில் அந்த இறக்கம் குறைகிறது. பகலில் அரைகுறையாகத் தூங்கினால் அப்போதும் அது முழுதாகக் கிடைப்பதில்லை.

சர்க்கரையும் இப்படித்தான். ஒரே சாப்பாட்டைப் பகல் 1 மணிக்குச் சாப்பிட்டால் ஏறுவதைவிட இரவு 1 மணிக்குச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. இடுப்புச் சுற்றளவு கூடுவது இங்கிருந்து தொடங்குகிறது.

2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 34 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 20 லட்சம் பேருக்கு மேல் கணக்கெடுத்து ஒரு கட்டுரை வந்தது. ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட 23 சதவீதம் கூடுதல் என்றது. அதாவது ஷிப்ட் இல்லாதவர்களில் 100 பேருக்கு வரும் இடத்தில் இவர்களில் 123 பேருக்கு வருகிறது. பயந்து வேலையை விட வைக்கும் எண் இல்லை இது. கண்டுகொள்ளாமல் விடும் எண்ணும் இல்லை. புகை, பிரஷர், சுகர் இவற்றில் ஏதாவது ஏற்கெனவே இருந்தால், இந்தக் கூடுதல் அதன் மேல்தான் வந்து உட்காரும்.

2. ஏழு நாள் பிரஷர் பாருங்கள்

உணவையோ பழக்கத்தையோ மாற்றும் முன் இதைச் செய்யுங்கள். தொடக்க அளவு இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து எது பலன் தந்தது என்று சொல்லவே முடியாது.

நாளுக்கு இரண்டு நேரம். தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், பாத்ரூம் போய்வந்த பிறகு, டீக்கும் மாத்திரைக்கும் முன் ஒரு முறை. படுக்கப் போகும் முன் ஒரு முறை. புத்தகங்களில் ‘காலை, மாலை’ என்று இருப்பதை நைட்காரர்கள் ‘எழுந்ததும், படுக்கும் முன்பும்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். பலர் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு காலை 7 மணிக்குப் பார்த்துவிட்டு அதைத் தன் ‘காலை பிரஷர்’ என்று எழுதுகிறார்கள். அது ராத்திரி முழுக்க உழைத்த உடம்பின் அளவு. தூங்கி எழுந்தவரின் காலை அளவோடு அதை ஒப்பிடக் கூடாது.

உட்காரும் முறை இப்படி: நாற்காலியில் முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் போடாமல். கை மேஜை மேல், பட்டை நெஞ்சு உயரத்தில். ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும், போனும் பேச்சும் கூடாது. முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, சிகரெட் எதுவும் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

போன வருடம் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி வந்தார். படியேறி வந்த மூச்சோடு, சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கிக்கொண்டு, காதில் போனோடு உட்கார்ந்தார். 158/96 காட்டியது. முகம் வெளுத்துவிட்டது. சட்டைக் கையைத் தளர்த்தி, போனை மேஜையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். 136/86. இரண்டு அளவுக்கும் நடுவில் மாறியது உட்கார்ந்த முறை மட்டும்தான். ஆனாலும் 28 வயதில் 136/86 விட்டுவிடக் கூடிய அளவு இல்லை என்பதால் ஏழு நாள் நோட்டு போடச் சொன்னேன்.

முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் பார்க்கும் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். ஒரே ஒரு முறை கூடுதலாகக் காட்டியதற்காக மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். 180/110-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டர். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பார்வை மங்கல் இருந்தால் 108.

டேப்பையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். தொப்புள் மட்டத்தில் வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கான எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. ஒல்லியாகத் தெரிகிறவர்கள்கூட இதில் மாட்டுவார்கள். எடை மெஷினைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

3. ரத்தப் பரிசோதனைக்குச் சரியான நேரம்

கம்பெனி மாஸ்டர் செக்கப் அன்று நைட் முடித்தவர்கள் நேராக வந்து நிற்பார்கள். “வெறும் வயிறுதானே?” என்றால் “ஆமா அக்கா, ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டதுதான்” என்பார்கள். 3 மணி டீயும் பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்வதே இல்லை. அந்த டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. விடிய விடிய விழித்த உடம்பில் சர்க்கரையும் கொஞ்சம் ஏறியே இருக்கும். அந்தத் தாளைப் பார்த்துச் சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று கலங்கியவர்கள் உண்டு. ஒரு முறை கூடுதலாக வந்த பிறகு, “நைட் முடிச்சு எடுத்தது, அப்படித்தான் இருக்கும்” என்று நிஜமான நோயையே ஒதுக்கித் தள்ளியவர்களும் உண்டு.

சரியான வழி இரண்டு. வீக் ஆஃபில் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த காலையில் கொடுப்பது ஒன்று. முடியாவிட்டால், காலை 7 மணிக்கு லேசாகச் சாப்பிட்டு, தூங்கி, மாலை 4 மணிக்கு எழுந்ததும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு லேபுக்குப் போவது. எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகியிருக்கும். சென்னையில் பெரும்பாலான லேப்கள் மாலையிலும் திறந்திருக்கும். ‘நைட் ஷிப்ட், எழுந்து ஒரு மணி நேரம்’ என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பார்க்க வேண்டியது: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்.பி.ஏ.1.சி., கொழுப்பு அளவுகள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், ஹீமோகுளோபின். மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி.-க்கு வெறும் வயிறு தேவையில்லை. 5.7-க்குக் கீழே நல்லது, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ரத்தசோகை இருந்தால் இந்த அளவு ஏமாற்றக்கூடும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

மாதம் ஒரு சம்பளத்தில் வீட்டை ஓட்டுகிறவர்களுக்கு: ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியிடத்துக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அட்டை இருந்தும் டிஸ்பென்சரி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களை நிறையப் பார்க்கிறேன்.

4. பகல் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்

அதிக உழைப்பை இங்கேதான் போட வேண்டும். அமெரிக்க இதய சங்கம் 2022-ல் இதய நலத்துக்கான அடிப்படைப் பட்டியலில் தூக்கத்தையும் சேர்த்தது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம் என்கிறது. நைட்காரர்கள் பலர் சொல்வது ஐந்து. நோட்டில் எழுதச் சொன்னால் நாலரைதான் வருகிறது.

*வேலை முடியும் முன்பே தொடங்குங்கள்.* கடைசி இரண்டு மணி நேரம் முடிந்தவரை பளீர் வெளிச்சத்தைத் தவிருங்கள். கம்பெனி பஸ்ஸிலோ கேபிலோ வீடு திரும்பினால் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். காலை வெயில் கண்ணில் பட்டதும் ‘விடிந்துவிட்டது’ என்று உள்கடிகாரம் முடிவு செய்துவிடும், பிறகு தூக்கம் பிடிக்காது. டூவீலர் ஓட்டுகிறவர்கள் இதைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு அந்த நேரத்தில் விழிப்புதான் முக்கியம். கண் சொக்கினால் கம்பெனியிலேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். இருபது நிமிடம் தாமதமாகப் போனால் வீட்டில் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

*வழியில் வேலைகளை அடுக்காதீர்கள்.* பிள்ளையைப் பள்ளியில் விட்டு, பேங்க் போய், கேஸ் புக் பண்ணி, 11 மணிக்குப் படுத்தால் உடம்பின் விழிப்பு ஏறிக்கொண்டிருக்கும். 8, 8.30-க்குள் படுத்தால்தான் நீளமாகத் தூங்க முடியும். வெளிவேலைகளை எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

*அறை.* சென்னையில் இரண்டு எதிரிகள்: வெளிச்சமும் புழுக்கமும். கொரட்டூரில் ஒரு இரண்டாம் மாடி போர்ஷனுக்குப் போயிருந்தேன். கிழக்குப் பார்த்த ஒரே ஜன்னல். வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். குடியிருந்தவர்கள் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை ஜன்னல் அளவுக்கு வெட்டி, கறுப்புத் துணியை அதன் மேல் ஒட்டி, ஜன்னல் கம்பிக்குள் செருகி வைத்திருந்தார்கள். படுக்கும்போது செருகுவது, எழுந்ததும் எடுப்பது. மேலே அரை அடி காற்றுக்கு விட்டிருந்தார்கள். கதவை மூடியதும் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அந்த அளவு இருட்டு போதும். திரைச்சீலை மட்டும் போட்டு ‘இருட்டாகத்தான் இருக்கு’ என்பவர்கள் ஒரு முறை இந்த விரல் சோதனையைச் செய்து பாருங்கள்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை கோடை வெயிலில் 11 மணிக்கே அனலாகிவிடும். வீட்டில் கீழ்த்தளமோ மேற்குச் சுவர் இல்லாத அறையோ இருந்தால் அந்த மூன்று மாதம் அங்கே மாறிப் படுங்கள். படுக்கும் முன் ஒரு குளியல், ஃபேன் காற்று, பருத்தி விரிப்பு. ஏ.சி. இருந்தால் 26-ல் வைத்தால் போதும்.

*சத்தம்.* மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பஞ்சு போன்ற இயர் பிளக் வாங்குங்கள். காலிங் பெல் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் கேன், கூரியர், சிலிண்டர் எல்லாவற்றையும் மாலை 4 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். மிக்ஸி, குக்கர் வேலையை நீங்கள் வரும் முன்போ எழுந்த பிறகோ வைத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கருக்கு வழியில்லை. அந்த நாட்களுக்கு அக்கா வீட்டையோ நண்பர் அறையையோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

*வீட்டாரிடம் சொல்ல வேண்டியது.* ‘பகல்ல சும்மாதானே படுத்திருக்க’ என்ற பேச்சு பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. நைட் முடித்து வந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, 12 மணிக்குப் படுத்து, 3 மணிக்குப் பள்ளி விடும்போது எழும் பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். பிரஷர் நோட்டில் அவர்கள் எண்கள்தான் சீக்கிரம் ஏறுகின்றன. இதை வீட்டு ஆண்களும் மாமியார்களும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வாரத்தில் நைட் உள்ள நாட்களில் காலைச் சமையலும் பள்ளி அனுப்புவதும் வேறு ஆள் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் வரவில்லை என்றால் ஐந்து மணி நேரமும், ஷிப்டுக்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரமும் என்று பிரிக்கலாம். ஷிப்ட் இடைவேளையில் தூங்கினால் 20, 30 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். எழுந்த பிறகு பத்து நிமிடம் கழித்தே மெஷினில் கை வையுங்கள், மந்தம் தெளிய அவ்வளவு நேரம் ஆகும்.

தூக்கம் வர ஒரு கட்டிங் போடுகிறேன் என்பார்கள். மது கண்ணை மூட வைக்கும், மூன்று மணி நேரத்தில் எழுப்பியும் விடும், பிரஷரையும் ஏற்றும். தூக்க மாத்திரையைத் தானாக வாங்கவும் கூடாது. ஏழு மணி நேரம் தூங்கியும் அசதி, பெரிய குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதாக வீட்டில் சொல்கிறார்கள் என்றால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். மாத்திரைக்கு அடங்காத பிரஷருக்கு அது ஒரு முக்கியக் காரணம். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

5. சாப்பாடு: என்ன என்பதைவிட எப்போது

தூக்கம் இரண்டு வாரம் ஓரளவு நிலைப்பட்ட பிறகு இதற்கு வாருங்கள்.

2021-ல் அமெரிக்காவில் ஒரு சிறு ஆய்வு வெளியானது. ஆட்களை நைட் ஷிப்ட் போலவே விழிக்க வைத்து, ஒரு பிரிவுக்கு இரவிலும் சாப்பாடு கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்குப் பகலில் மட்டும். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. ஆய்வு சின்னதுதான், ஆனால் காட்டும் திசை தெளிவு.

கனமான வேலை செய்கிறவர்கள் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடக்க முடியாது. அதனால் நான் சொல்லித் தரும் ஒழுங்கு இது. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் 7.30, 8 மணிக்கு முழுச் சாப்பாடு: அளவான சோறு அல்லது சப்பாத்தி, நிறையக் காய், பருப்பு அல்லது மீன், முட்டை. நள்ளிரவு 12 மணி வாக்கில் சின்னதாக ஒன்று: சுண்டல், அவித்த முட்டை, ஒரு கை வேர்க்கடலை, மோர், கொய்யா. 1 மணிக்கு மேல் 6 மணி வரை சாப்பாடு வேண்டாம், தண்ணீர் போதும். வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி அல்லது ஒரு சின்னக் கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சி. பசியோடு படுத்தால் 11 மணிக்கு வயிறு எழுப்பிவிடும், முட்ட முட்டச் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல் எழுப்பிவிடும்.

தடுக்கி விழும் இடம் கேன்டீனின் 1 மணிச் சாப்பாடு. பரோட்டா, குருமா, லெமன் சாதம், அப்பளம். இலவசமாகவும் இருக்கும், எல்லோரும் சேர்ந்தும் போவார்கள். போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை, அந்த அரை மணி நேரப் பேச்சு மனதுக்குத் தேவை. டப்பாவைக் கையோடு கொண்டுபோய் அதே மேஜையில் உட்காருங்கள். ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்குக் கேன்டீனுக்குப் பதில் 2 மணிக்கு ஆர்டர் போடும் பிரியாணி. வீட்டில் இருந்து ஒரு டப்பா போனால் பாதி ஆர்டர் தானாகக் குறையும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன், என்கிறது உலக சுகாதார நிறுவனம். நைட்டில் அது சத்தமில்லாமல் ஏறுவது ஊறுகாய், சிப்ஸ், மிக்சர், மோர்மிளகாய், கப் நூடுல்ஸ் வழியாக.

6. டீ, எனர்ஜி டிரிங்க், புகை

காபி, டீயில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 8 மணிக்குப் படுக்கப் போகிறவருக்குக் கடைசி டீ 2 மணி. விடியற்காலை 5 மணி டீயை விடுவதுதான் எல்லோருக்கும் கஷ்டம். அந்த நேரத்துக்குச் சுக்குத் தண்ணீரோ வெந்நீரோ பிடித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நடங்கள்.

ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்து டீக்குப் பத்து ஸ்பூன் சர்க்கரை. எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். துடிப்பையும் பிரஷரையும் ஒரே நேரத்தில் ஏற்றுகிறது.

புகையைப் பற்றி ஒன்றுதான். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றையும் செய்து சிகரெட்டை விடாதவரைவிட, அதை மட்டும் விட்டவர் இதயத்துக்கு அதிக நன்மை செய்திருப்பார். தூக்கத்தை விரட்ட வாயில் அடக்கும் புகையிலையும் நிகோட்டின்தான்.

7. மாத்திரை நேரம்

பிரஷர், சுகர் மாத்திரை போடுகிறவர்கள் நைட் வந்ததும் குழம்புவது இங்கே. ‘காலையில் ஒன்று’ என்று சீட்டில் இருக்கிறது. எது காலை?

பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுவதா இரவில் போடுவதா என்று பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ‘டைம்’ ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. விட்டுவிடாமல் போடுவதுதான் முக்கியம். அதனால் டே, நைட் இரண்டிலும் விழித்திருக்கும் ஒரு பொது நேரத்தைப் பிடியுங்கள். மாலை 6 மணி பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொண்டு, போனில் அலாரம் வையுங்கள்.

நீர் போகும் மாத்திரையைத் தூங்கும் முன் போட்டால் தூக்கம் கெடும். சுகர் மாத்திரையும் இன்சுலினும் வேறு கணக்கு, சாப்பாட்டு நேரத்தோடு கட்டிப்போட்டவை. சாப்பிடாமல் தூங்கிவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ரோஸ்டரைக் கையில் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி, டேக்கு ஒன்று, நைட்டுக்கு ஒன்று என இரண்டு அட்டவணை வாங்கிக்கொள்ளுங்கள்.

8. நடை

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போதும். தூங்கி எழுந்த பிறகு, மாலையில். ஷிப்ட் முடிந்து நேராகக் கடற்கரைக்கோ பார்க்குக்கோ போய் நடப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் காலை வெயிலும் சூடேறிய உடம்பும் சேர்ந்து தூக்கத்தை இரண்டு மணி நேரம் தள்ளிவிடும். மாலை நடை வெளிச்சத்தையும் சரியான நேரத்தில் கொடுக்கும்.

9. லீவு நாளும் ஷிப்ட் மாறும் நாளும்

வீக் ஆஃப் வந்ததும் முழுதாகப் பகல் மனிதராக மாறி, திங்கட்கிழமை மறுபடி நைட்டுக்குப் போவது உடம்புக்கு வாராவாரம் வெளிநாடு போய்வருவது போல. நிரந்தர நைட் என்றால் நாலு மணி நேரமாவது எல்லா நாளும் ஒரே நேரத்தில் தூங்கும்படி வையுங்கள். வேலை நாளில் காலை 8 முதல் 3 வரை, லீவு நாளில் விடியற்காலை 4 முதல் 12 வரை என்றால் 8 முதல் 12 வரை பொதுவாக வந்துவிடும். கல்யாணம் காட்சி என்றால் முடியாதுதான். மற்ற வாரங்களில் செய்யுங்கள்.

மாறும் ஷிப்ட் என்றால் ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்ற வரிசை உடம்புக்கு எளிது. நைட்டிலிருந்து செகண்ட், அங்கிருந்து ஃபர்ஸ்ட் என்று பின்னோக்கிப் போவது கடினம். ரோஸ்டர் போடும் சூப்பர்வைசர் யாராவது இதைப் படித்தால் அந்த ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள், செலவே இல்லை.

10. நெஞ்சில் வலி வந்தால்

மாரடைப்பு காலை 6 மணியிலிருந்து மதியம் வரை அதிகம் வருகிறது. ஷிப்ட் முடிகிற, வண்டி ஓட்டுகிற, தனியாகப் படுக்கப் போகிற நேரமும் அதுதான்.

மருத்துவ அறைக்கு வருகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் சொல்லும் முதல் வார்த்தை “கேஸ்தான் அக்கா, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்.” நடு நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல், இடது கை, தாடை, தோள், முதுகுக்குப் பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது, வாந்தி, காரணமில்லாத பெரும் அசதி. இவற்றில் எது வந்தாலும் சோடாவைக் குடித்துப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்கலோ அசதியோ மட்டும் வரலாம்.

செய்ய வேண்டிய வரிசை: வேலையை நிறுத்தி உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 108-ஐ அழையுங்கள். படியேறாதீர்கள், பைக் ஓட்டாதீர்கள், பின்னால் உட்கார்ந்தும் போகாதீர்கள், வழியில் மயங்கினால் விழுந்துவிடுவீர்கள். ஆஸ்பிரினை 108-லோ டாக்டரோ சொன்னால் மென்று விழுங்குங்கள். அலர்ஜி, வயிற்றுப்புண், ரத்தக்கசிவு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி சேர்ந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். முதல் ஈ.சி.ஜி. நார்மலாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்கவும், இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்யவும் கேளுங்கள். ‘நார்மல், வீட்டுக்குப் போங்க’ என்றதும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவது நான் பார்த்ததில் மிக ஆபத்தான தவறு.

இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டியது: வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் பக்கத்தில் 24 மணி நேரமும் ஆஞ்சியோ செய்யும் ஆஸ்பத்திரி எது? சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, ஓமந்தூரார் போன்ற அரசு மருத்துவமனைகளில் இதய சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நகரத்தை விட்டுத் தள்ளி வேலை பார்ப்பவர்களுக்கு: 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

கூட வேலை செய்பவர் நினைவில்லாமல் விழுந்து மூச்சும் இல்லை என்றால், நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள். ஒவ்வொரு நைட் டீமிலும் இரண்டு பேராவது இதைப் பழகியிருக்க வேண்டும்.

11. நைட்டை விட்டு வர வேண்டியவர்கள்

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்கள், அடிக்கடி சர்க்கரை இறங்கும் இன்சுலின்காரர்கள், கர்ப்பிணிகள். இவர்கள் நைட்டைத் தொடர்வதா என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஷிப்ட் மாற்றம் கேட்க ஹெச்.ஆர்.-இடம் வாய்மொழியாகப் போய் நின்றால் ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு திரும்புவீர்கள். மூன்று தாள் கொண்டுபோங்கள்: ஏழு நாள் பிரஷர் நோட்டின் நகல், டாக்டர் சீட்டு, எந்தத் தேதியிலிருந்து எத்தனை மாதத்துக்கு எந்த ஷிப்ட் வேண்டும் என்று எழுதிய கடிதம். டாக்டர் சீட்டில் ‘ஓய்வு தேவை’ என்று இருந்தால் அதை லீவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ‘இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும், மூன்று மாதத்துக்குப் பின் மறுபரிசீலனை’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கடிதத்தின் இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்.